முதல் கியர்

பொய்க்குக் கால் கிடையாது, அது நம்ம தோள்ல ஏறித்தான் வரும். பெரியப்பா இப்படித்தான் ஏதோ சொல்வார். பின்பாதி வேறு மாதிரியும் இருந்திருக்கலாம். அதிகாரிக்குச் சரியாக நினைவில்லை. அலுவலகத்தில் முன்பாதியை மட்டும் சொல்வார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து கிளெய்ம்களைப் பார்ப்பது அவர் வேலை. அன்று எதிரே உட்கார்ந்திருந்தது ஒரு தையல்காரம்மா. மடியில் எக்ஸ்ரே கவர்.

மோட்டார் சைக்கிள் விழுந்து மகனுக்குக் கால் முறிந்துவிட்டது. இந்த வாரத்துக்குள் தகடு வைக்காவிட்டால் எலும்பு கோணலாக ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கம்பெனி பணம் கொடுத்தால்தான் ஆபரேஷன்.

பாலிசி அவள் பெயரில் இருந்தது. வண்டியை வழக்கமாக ஓட்டுவது தான்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். என்றைக்கோ எடுத்த லைசன்ஸும் இருந்தது. அன்றைக்கும் தானே ஓட்டியதாகவும் மகன் பின்னால் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாள்.

அதிகாரி இப்படி நிறையப் பேரைப் பார்த்தவர். பத்தொன்பது வயது, புது லைசன்ஸ் என்றால் பிரீமியம் மூன்று மடங்கு. அதற்குப் பயந்து பெற்றவர்கள் தங்கள் பெயரில் போட்டுவிட்டு வண்டியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். தெரியவந்தால் கம்பெனி கையை விரித்துவிடும்.

அவர் அதட்டவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவள் குடித்து முடித்ததும் கேட்டார்.

“உங்க வண்டிக்கு முதல் கியர் முன்னால மிதிக்கணுமாம்மா, பின்னாலயா?”

வண்டிக்கு வண்டி அது மாறும். ஓட்டுகிற காலுக்குத்தான் தெரியும்.

மேசைக்கடியில் அவள் கால், தையல் மிஷினை மிதிப்பதுபோல முன்னும் பின்னும் அசைந்து நின்றது.

“பின்னால சார்.”

“முன்னாலம்மா.”

அதற்குமேல் அவள் எதையும் மறைக்கவில்லை. பையன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருக்கிறானாம். அவன் பெயரில் போடக் கேட்ட பிரீமியத்தில் பழைய வண்டி இன்னொன்றே வாங்கிவிடலாமாம். கவரின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டே சொன்னாள்.

“உங்க பிள்ளையா இருந்தா நீங்க என்ன சார் செஞ்சிருப்பீங்க?”

“பிள்ளை பேர்லயே போட்டிருப்பேன்மா. முடியலைன்னா பஸ்ல போன்னு சொல்லியிருப்பேன்.”

கிளெய்ம் தள்ளுபடி ஆனது. அவள் எழுந்து போய், இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்றாள். பியூன் வந்து திறந்துவிட்டார்.

“சார் கேட்டா மைல்கல்லும் வாயைத் திறந்துடும்” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

“பொய்க்குக் கால் கிடையாதுப்பா” என்றார் அதிகாரி. சிரிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் காபி ஆறிப்போய் இருந்தது. ஆபீஸில் யாரைக் கடித்துவிட்டு வந்தீர்கள், முகம் இப்படி இருக்கிறதே என்று மனைவி கேட்டாள். தலைவலி என்றார்.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றியபடி மகள் உள்ளே வந்தாள். போன வருடம்தான் லைசன்ஸ் எடுத்தவள். அவளைக் கூப்பிட்டார்.

“உன் வண்டிக்கு முதல் கியர் முன்னாலயா, பின்னாலயா?”

“முன்னாலப்பா. ஏன், இந்த வயசுல ஓட்டக் கத்துக்கப் போறீங்களா?”

“சும்மா தெரிஞ்சுக்கத்தான். ஹாரன் எந்தக் கைக்கு?”

“இடது கைக்கு.”

அவள் உடை மாற்ற உள்ளே போனாள். அவர் செருப்புக்குள் இடது காலை ஒருமுறை முன்னால் அழுத்திப் பார்த்தார்.

பிறகு போனை எடுத்து, மறுநாள் முடியவிருந்த அவள் வண்டியின் பாலிசியை, போன வருடம் போலவே தன் பெயரில் புதுப்பித்தார்.