நேரில் வைக்காத பத்திரிகை

பக்கவாதத்தில் பேச்சு போன செண்பகராமனுக்கு இரண்டு விளக்கு வைத்த தொப்பி மாட்டினார்கள். மூளையில் மின்சாரம் ஓடினால் நீலம். அதைத் தேடி ரத்தம் வந்தால் சிவப்பு. இரண்டும் தொடர்ந்து சேர்ந்து எரிந்தால்தான் பேச்சு திரும்பும். நீலம் மட்டும்தான் எரிந்தது, மனைவி பிச்சம்மாவின் தம்பி ஆவுடையப்பன் வந்து நிற்கும்வரை. தன் மூத்த மகள் கல்யாணத்துக்கு நேரில் அழைக்காமல் போனில் பத்திரிகை அனுப்பிய பாவி! இரண்டும் எரிந்தன.

“இவரைத் தினமும் மூணு வேளை காட்டுங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி,” என்றார் டாக்டர், ஆவுடையப்பனைச் சுட்டி.

மூன்றாம் மாதம் ஆவுடையப்பன் மனம் இளகி, இளையவள் கல்யாணத்துக்கு வெற்றிலைத் தட்டோடு வந்தான். “அத்தான், நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்.”

சிவப்பு அணைந்தது.

பிச்சம்மா தட்டைப் பிடுங்கினாள். “கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? போன்ல அனுப்புல!”

அனுப்பினான். இரண்டும் எரிந்தன. செண்பகராமன் வாய் திறந்தார்: “ஒன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேம்ல!”

ஆவுடையப்பன் ஆனந்தக் கண்ணீர் விட்டான்.