தாலிக்கொடி ஊக்கு

தென்னையிலிருந்து விழுந்த ராக்கியப்பனுக்குத் தண்டுவடத்தின் சவ்வு கிழிந்துவிட்டது. கிழிசலைத் தைத்து, அதில் சிக்கிய நரம்பையும் விடுவித்த டாக்டர், உணர்ச்சி திரும்புகிறதா என்று தினமும் பாதத்தில் குத்திப் பார்க்கச் சொன்னார். தாலிக்கொடியில் தொங்கும் ஊக்கைக் கழற்றி மனைவி மயிலாத்தா குத்துவாள். கண்ணை மூடிக் கிடப்பவன் ஒரு தடவைகூடத் தவறாமல், “தெரியுது புள்ள” என்பான். பத்தாம் நாள், முதுகைத் துடைக்கையில் தையலில் உரசுமே என்று கண்ணாடி வளையல்களைக் கழற்றியவள், அப்படியே வந்து குத்தினாள். பாதத்தில் ரத்தம் துளிர்த்தது. “இன்னும் குத்தலியா புள்ள?” என்றான் அவன். மயிலாத்தா ஊக்கைக் கொடியிலேயே கோத்தாள். வளையல்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். பிறகு அவன் கால்மாட்டில் நின்று, பாதத்தைத் தொடாமல், வளையல்கள் குலுங்கக் கையை மட்டும் பலமாக அசைத்தாள். ராக்கியப்பன் முகம் மலர்ந்தது. “நேத்தைவிட இன்னிக்கு நல்லாத் தெரியுது புள்ள.”