கடகடத்த பெட்டி

மாலை போட்டு நின்ற கந்தப்பனின் புது அம்பாசடர் காருக்குள், வேலுமணி செய்து கொடுத்த ஸ்பீக்கர் பெட்டி கடகடவென்று உதறியது.

“முந்தாநேத்து நல்லாப் பாடுச்சுங்களே!” வேலுமணிக்கு வியர்த்தது.

“மேட்டூர் மச்சான் வர்ற நேரமப்பா. கேட்டாருன்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு!” என்று பதறினார் கந்தப்பன்.

ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கூட்டும் கெயின் குமிழைக் குறைத்தால் கடகடப்பு அடங்கியது. ஏற்றினால் மறுபடி கடகட. வேலுமணி ஒயரை மாற்றினான். திருகுகளை முறுக்கினான். காற்றுக்காக முன்பக்கம் விட்ட வட்ட ஓட்டையைத் தவிர எல்லா இடுக்கிலும் பசை அப்பினான். ஊஹூம்!

கடைசியில் ஸ்பீக்கரையே கழற்றிப் பெட்டியைக் கவிழ்த்தான். பொரி, பொட்டுக்கடலை, வெல்லக்கட்டி எல்லாம் பொலபொலவென்று கொட்டின.

“ஆரு புள்ள இந்த வேலையப் பாத்தது?” மனைவியைப் பார்த்துக் கத்தினார் கந்தப்பன்.

“நாந்தானுங்க” என்றாள் சௌந்திரம். “நேத்து ஆயுத பூசைக்குப் படைச்சமில்லீங்க? காரு, ஸ்பேனரு எல்லாம் கம்முனு இருந்துச்சு. இது ஒண்ணுதான் ஆன்னு வாயத் தொறந்துக்கிட்டு இருந்துச்சுங்க. பாவம், ஊட்டி உட்டேன்.”

“அக்கா, ஆம்ப்ளிஃபயருக்கு ஒண்ணும் ஊட்டலீங்களே?”

“அதுக்கு வாய் சன்னமுங்க. பானகம் கரைச்சு வெச்சிருக்கறேன், எடுத்தாரட்டுங்களா?”

வேலுமணி பாய்ந்துபோய் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.