படையலில் இரண்டு கோப்பைகள்

குவளையைக் கழுவி ஆணியில் மாட்டி, தினமும் சொல்வதுபோல “நேத்தும் குடிக்கல, நன்றி சாமி” என்று சொல்லிவிட்டுத்தான் எலாடியோ பின்னர் கவிழ்ந்து அவன் உயிரைப் பறித்த அந்தப் பேருந்தில் ஏறினான். மெக்சிகோவின் ஓஹாகாவில் இன்று இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாள். மதிய மணி அடித்தால் திரும்பிவிடுவார்கள். சாமந்திகளுக்கு நடுவே அவன் படத்தின் முன், தம்பி ஃபெர்மின் கோப்பை தளும்ப மெஸ்கால் சாராயம் ஊற்றுகிறான். பதினெட்டு வருடமாக இந்த வீட்டில் இல்லாத வாடை. “உங்க காவல் முடிஞ்சுது அண்ணி. இனியாவது எங்கண்ணன் மனுஷனா குடிக்கட்டும்.” மாமியார்கூடச் சிரிக்கிறாள். படைத்ததை எடுக்கக் கூடாது. ரெஃபூஹியோ ஆணியிலிருந்து கணவனின் குவளையை எடுத்து, காப்பி நிரப்பிப் பக்கத்தில் வைக்கிறாள். “மணி அடிக்கட்டும் தம்பி. அவர் எதைத் தொட்டாருன்னு பாருங்க.” மெழுகுவர்த்தி உருகுகிறது. மணி அடிக்கிறது. ஃபெர்மின் குனிந்து பார்க்கிறான், மெஸ்கால் குறையவில்லை. அவளும் குனிகிறாள். காப்பியும் குறையவில்லை.