குனிந்து போகும் சந்து

வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு அமுதா காணாமல் போன நாளிலிருந்து, அவள் அக்கா செல்வராணிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் நடைதான். வாரம் ஒரு பேட்டை. சந்துக்குச் சந்து தங்கையின் போட்டோவைக் காட்டிக் கேட்பாள். கணவன் தனபால் தண்ணீர் பாட்டிலோடு கூடவே வருவான். சொந்தபந்தமே அவனை மெச்சியது.

அன்று துணிக்கடைகளுக்குப் பின்னால், மேலே வீடுகள் மூடிக்கொண்ட ஒரு சந்தைப் பார்த்தாள். பட்டப்பகலிலும் உள்ளே மை இருட்டு.

"எலி வளை மாதிரி இருக்கு ராணி. இதுக்குள்ள யாரு குடியிருப்பா? திரும்பிடலாம்."

"இவ்ளோ தூரம் வந்தாச்சுங்க. எட்டிப் பாத்துடுவோம்."

"நானே இந்தப் பக்கம் வந்ததில்ல. பாம்பு கீம்பு கெடக்கப் போவுது."

குழாயடியில் குடத்தோடு நின்ற பெண் சிரித்தாள். "பாம்பெல்லாம் வாடகை கட்ட முடியாம காலி பண்ணிடுச்சு சார். தைரியமா போங்க!"

செல்வராணி முன்னால் நுழைந்தாள். நாலெட்டு வைப்பதற்குள் தாழ்ந்த உத்தரம் ஒன்று நெற்றியில் மடேரென்று இடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. தனபால் பதறிப்போய் அவள் தலையைத் தேய்த்துவிட்டான்.

"அடடா, பாத்து வா ராணி. வளைவு தாண்டி இன்னொண்ணு இருக்கு. அது இதைவிடத் தாழ்வு."

சொன்ன பிறகுதான், தேய்த்த கை அப்படியே நின்றது.

அவள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள். சுவரைத் தடவியபடி வளைவைத் தாண்டி, நன்றாகக் குனிந்தாள். மரம் தலைமுடியை உரசியது. அதற்கப்பால் கொஞ்சம் வெளிச்சம், வரிசையாக மூடிய கதவுகள்.

திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எந்தக் கதவுங்க?"