செருப்புக் கட்டிய கிளை

வருடக்கணக்காகக் காய்க்காத மாமரத்துக்கு ரோஷம் வரட்டும் என்று கோமதிநாயகம் தன் பழைய செருப்பில் ஒன்றை எடுத்துக் கிளையில் கம்பியால் இறுக்கிக் கட்டினார். அதன் ஜோடி வாசலிலேயே கிடந்தது. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு மரத்தைக் காட்டி, "இதுவும் எங்க வீட்டுக்காரியும் ஒரே ரகம்வே" என்று சிரித்தார். மனைவி ஆவுடையம்மாள் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு ஒரு குறையும் இல்லை, அவரைக் கூட்டிக்கொண்டு வா என்று டாக்டர் அவளிடம் சொல்லி வெகுகாலம் ஆகிறது. "ஆம்பளைக்கு என்னட்டி டெஸ்ட்டு?" என்று கேட்டதோடு அவருடைய ஆண்மை முடிந்துவிட்டது.

தை மாதம் மரம் பூத்தது. மரம் முழுக்க அல்ல, செருப்புத் தொங்கிய அந்த ஒரு கிளை மட்டும். ஆவுடையம்மாள் அருகில் போய்ப் பார்த்தாள். ரோஷமாவது மண்ணாவது! கம்பி பட்டையைச் சுற்றி அறுத்திருந்தது. இலையில் ஊறிய சத்து வேருக்கு இறங்க வழியில்லாமல் தேங்கி, மூச்சுமுட்டி, அந்தக் கிளை பூத்துத் தொலைத்திருந்தது.

"பாத்தியாட்டி, மரத்துக்குக்கூட ரோஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டு, கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார் கோமதிநாயகம்.

விழித்தபோது, முகத்துக்கு நேர் மேலே, உத்தரத்துக் கொக்கியில் வாசல் செருப்பு ஆடிக்கொண்டிருந்தது. பதறி எழுந்து அதை அவிழ்க்கப் போனார்.

"தொடாதீங்க. அடுத்த தை வரைக்கும் தொங்கட்டும்" என்றாள் ஆவுடையம்மாள். மீதிக் கம்பி அவள் கையில் இருந்தது.