கட்டை ஏறிய பாட்டு

"இனிமே இந்த நிகழ்ச்சியில நான் பாடப் போறதில்லை. பேச்சு மட்டும்தான்."

ஒத்திகைக்குக் கூடியிருந்தவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு அக்கா மேக்கப் அறைக்குள் போய்விட்டார்.

சேனலில் எல்லோருக்கும் அவர் அக்காதான். மேடைக் கச்சேரியில் பாட ஆரம்பித்து, விளம்பரம், சீரியல், காமெடி என்று ஒரு ரவுண்டு வந்தவர். இப்போது வாரம் ஒருமுறை நேரலையில் பாட்டும் அரட்டையுமாக அமர்க்களப்படுத்துகிறார்.

"டிவி புகழ் தலைக்கேறிடுச்சு. பாட்டு கசக்குது," என்றார் கேமராமேன்.

"கசக்கலைய்யா, தொண்டை போச்சு," என்றார் தயாரிப்பாளர். "போன வாரம் சரணத்துல கீச்சுன்னு குரல் உடைஞ்சு, ஊரே சிரிச்சுதே! அதான் கௌரவமா கழண்டுக்கிறாங்க. என்ன மாஸ்டர், நான் சொல்றது சரிதானே?"

கீபோர்டு மாஸ்டர் தலையை ஆட்டி வைத்தார். ஆட்டிய பிறகு உடம்பெல்லாம் கூசியது.

அக்காவின் முதல் மேடையிலிருந்து அவர்தான் வாசிக்கிறார். இரண்டு மாதமாக வலது கை விரல்கள் மரத்துப் போகின்றன. வீட்டில்கூடச் சொல்லவில்லை. போன வாரம் பாட்டின் நடுவே விரல் வழுக்கி, சுருதியை ஏற்றுகிற பட்டன் மேல் விழுந்துவிட்டது. ஒரேயடியாக இரண்டு கட்டை ஏறிவிட்டது. நேரலை. நிறுத்த வழியில்லை. அக்கா அடுத்த மூச்சிலேயே தாவி அந்தச் சுருதியைப் பிடித்தார். எட்டாத உயரம். குரல் உடைந்தது.

பார்த்தவர்களுக்குக் குரல் உடைந்தது மட்டும்தான் தெரிந்தது. மாஸ்டரும் ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை.

இனி தாங்காது என்று மேக்கப் அறைக் கதவைத் தட்டினார்.

"பாடறதை விட்டுடாதீங்கம்மா. உங்க குரல்ல ஒரு குறையும் இல்லை. தப்பு என்னுது. நான்தான்..."

"தெரியும் மாஸ்டர். காபி டம்ளரைக்கூட இப்பல்லாம் இடது கையாலதானே பிடிக்கிறீங்க? முதல்ல உட்காருங்க."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? தயாரிப்பாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அன்னிக்கே உங்க இடத்துல வேற ஆளை உட்கார வச்சிருப்பார். நாளைக்கு நரம்பு டாக்டரைப் பார்க்கிறோம், நேரம் வாங்கியாச்சு. கை சரியாகட்டும், திரும்பப் பாடறேன். அதுவரைக்கும் பாட்டுக்குப் பதிலா ஒரு விளையாட்டு. நீங்க இடது கையால மெட்டை மட்டும் வாசிங்க. என்ன பாட்டுன்னு ஜனங்க கண்டுபிடிக்கட்டும்."

ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனது. மாஸ்டர் குழந்தை மாதிரி அழுதேவிட்டார்.

"எனக்காக ஏம்மா உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்க?"

அக்கா கண்ணாடியைப் பார்த்துக் கண்மையைச் சரிசெய்தபடியே சிரித்தார்.

"பாட்டு போனா எனக்குப் பேச்சு இருக்கு, நடிப்பு இருக்கு. உங்களுக்கு இந்த ஒரு வேலையை விட்டா வேற என்ன மாஸ்டர் தெரியும்?"